வோல்ட், ஆம்பியரிலிருந்து மின்தடையும் வாட்டும்: ஹீட்டர் ராடு முதல் பம்பு மோட்டார் வரை அளந்து கணக்கிடும் முறை

வாளித் தண்ணீரில் தொங்கும் 1500 வாட் ஹீட்டர் ராடு ஒன்று. முன்பு கால் மணி நேரத்தில் குளிக்கிற பதத்துக்கு வந்த தண்ணீர், இப்போது இருபது நிமிடம் ஆகியும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. ராடு பழுதா, லோ வோல்டேஜா, வீட்டு வயரிங்கில் கோளாறா? இதைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். ராடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குக் கிடைக்கும் வோல்ட் ஒன்று, அதே நேரத்தில் அதன் வழியே ஓடும் ஆம்பியர் மற்றொன்று. வகுத்தால் மின்தடை, பெருக்கினால் வாட். கணக்கு ஐந்தாம் வகுப்புக்கானது. தவறுகள் எல்லாம் அந்த இரண்டு எண்களை எங்கே, எப்போது அளந்தோம் என்பதில்தான் நடக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் சூத்திரத்தைவிட அளவெடுப்பதற்கே அதிக இடம்.

நான்கு சமன்பாடுகள்

மின்தடை = வோல்ட் ÷ ஆம்பியர். விடை ஓமில் வரும்.
திறன் = வோல்ட் × ஆம்பியர். விடை வாட்டில் வரும்.
திறன் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்.
திறன் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்.

பின்னிரண்டும் முதலிரண்டிலிருந்து பிறந்தவைதான். ஆனாலும் எதை எங்கே எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். மெயின்ஸில் நேராக மாட்டும் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்கு வோல்ட்டை வைத்துப் போடும் கடைசிச் சமன்பாடு வசதி. வயர், சாக்கெட், ஜாயின்ட், மோட்டார் வைண்டிங் ஆகியவற்றில் வீணாகும் வெப்பத்துக்கு ஆம்பியரை வைத்துப் போடும் மூன்றாவதுதான் பொருந்தும்.

இதை மாற்றிப் போடுவதால் வரும் பிழை பயங்கரமானது. அரை ஓம் தடையுள்ள வயரில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்று பார்க்க 230 × 230 ÷ 0.5 என்று போட்டால் 1,05,800 வாட் என்று வரும். எந்த வயரும் அதைத் தாங்காது. 230 வோல்ட் என்பது வயரின் இரு முனைகளுக்கு இடையே நிற்கும் அழுத்தம் அல்லவே. 6 ஆம்பியர் ஓடும்போது அந்த வயரில் விழுவது 3 வோல்ட்தான், வீணாவது 18 வாட்தான். எந்தப் பொருளின் தடையைக் கணக்கிடுகிறோமோ, அந்தப் பொருளின் இரு முனைகளுக்கு இடையிலான வோல்ட்டை மட்டுமே சமன்பாட்டில் போட வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்பதும் பழைய பாடம். 1820-களில் ஜார்ஜ் சைமன் ஓம் சோதனைகளைத் தொடங்கியபோது, வோல்டா மின்கலத்தின் அழுத்தம் மின்னோட்டம் எடுக்க எடுக்கச் சரிந்து அவரைத் திணறடித்தது. நிலையான அழுத்தம் தரும் வெப்பமின் இரட்டைக்கு (இரு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கி மின்சாரம் பெறும் அமைப்பு) மாறிய பிறகே அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. 1827-இல் விதியை வெளியிட்டார். நம் வீட்டு மின்சாரமும் அப்படித்தான்: லோடு போட்டதும் சரியும். காலையில் அளந்த வோல்ட்டையும் மாலையில் அளந்த ஆம்பியரையும் சேர்த்துப் போடும் கணக்கு செல்லாது.

கையில் இருக்க வேண்டியவை

வோல்ட் அளக்க மல்டிமீட்டர், ஆம்பியர் அளக்க கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமல் வெளியிலிருந்து கவ்வி ஓட்டத்தை அளக்கும் கருவி). மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் என்று போட்ட துளை இருக்கும். அதைப் பயன்படுத்த வயரை வெட்டி மீட்டரை இடையில் சேர்க்க வேண்டும். பல மீட்டர்களில் சில நொடிகளுக்கு மேல் வைக்கவும் கூடாது. மெயின்ஸ் வேலைக்கு அந்தத் துளையை மறந்துவிடுவதே நல்லது. ஏனென்றால், ப்ரோப் அந்தத் துளையில் இருக்கும்போது மறதியாக வோல்ட் அளக்கப் போனால், மீட்டர் கிட்டத்தட்ட ஒரு செப்புக்கம்பியாகி ஃபேஸையும் நியூட்ரலையும் ஷார்ட் செய்துவிடும். நல்ல மீட்டரில் உள்ளே ஃப்யூஸ் போகும். மலிவான மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரே ஒரு வயர்தான் போக வேண்டும். பிளக் வயரை அப்படியே கவ்வினால் ஃபேஸில் போகும் ஓட்டமும் நியூட்ரலில் திரும்பும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்து, மீட்டர் பூஜ்யம் காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் பலர் செய்திருப்பது இதைத்தான்.

அதற்காக ஓர் அளவெடுப்புப் பெட்டி செய்துகொள்ளலாம். 16 ஆம்பியர் பிளக் டாப், 1.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் வயர் ஒரு மீட்டர், ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டும் ஒரு 6 ஆம்பியர் சாக்கெட்டும் பொருந்தும் பெட்டி ஆகியவை போதும். வயரின் நடுவில் மேலுறையை மட்டும் 15 செ.மீ. நீளத்துக்கு உரித்து, உள்ளே இருக்கும் மூன்று கோர்களையும் பிரித்துவிடுங்கள். கத்தியை வயரின் நீளவாக்கில் மெதுவாக ஓட்ட வேண்டும். கோரின் இன்சுலேஷனில் சிறு கீறல் விழுந்தாலும் அந்த வயரைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு எடுங்கள். இப்போது ஃபேஸ் கோரை மட்டும் தனியே இழுத்து கிளாம்பில் கவ்வலாம். ஹீட்டரை 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் பக்கத்துச் சாக்கெட்டில் வோல்ட் பார்க்கலாம். ஓட்டமும் அழுத்தமும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் கிடைக்கும்.

ஷட்டர் உள்ள சாக்கெட்டில் ப்ரோப் நுழையாது. அதைக் கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ கொண்டு நெம்பித் திறக்காதீர்கள். பிளக் போலச் செருகும் சிறிய டிஜிட்டல் வோல்ட்மீட்டர் கடைகளில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். அதற்கு முன் உங்கள் மல்டிமீட்டருடன் ஒருமுறை ஒப்பிட்டு, எத்தனை வோல்ட் வித்தியாசம் என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அளவெடுக்கும் முறை

1. ராடைத் தண்ணீரில் அதன் குறி வரை மூழ்கவைத்த பிறகே சுவிட்ச். ஓடும்போது தண்ணீரைத் தொடக் கூடாது, வாளியையும் நகர்த்தக் கூடாது. எர்த் பின் இல்லாத பிளக்கிலோ, ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனிலோ இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

2. சுவிட்ச் போடும் முன் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இது லோடு இல்லாத அளவு.

3. சுவிட்ச் போட்டு ஒரு நிமிடம் விட்டு, வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒருசேரக் குறியுங்கள்.

4. அணைத்து, மறுபடி போட்டு, மூன்று முறை இப்படி எடுங்கள். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால்கூட இரண்டு மூன்று வோல்ட் ஆடும். ஒரே ஒரு அளவை நம்பினால் அந்த ஆட்டம் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

5. ராடின் பெயர்த்தட்டில் எழுதியிருக்கும் வாட்டையும் வோல்ட்டையும் குறியுங்கள். வாட் மட்டும் போதாது; எந்த வோல்ட்டில் அந்த வாட் என்பது முக்கியம்.

எடுத்துக்காட்டாக, லோடு இல்லாமல் 228 வோல்ட், லோடுடன் 218 வோல்ட், 6.1 ஆம்பியர் என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

மின்தடை: 218 ÷ 6.1 = 35.7 ஓம்.
திறன்: 218 × 6.1 = 1330 வாட்.

தட்டில் 230 வோல்ட், 1500 வாட் என்று இருக்கிறது. அதன்படி இருக்க வேண்டிய தடை 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம். அளந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆக, ராடு நன்றாக இருக்கிறது, குறைந்தது வோல்ட்தான்.

வோல்ட் 5 சதவீதம்தானே குறைந்திருக்கிறது, வாட் ஏன் 11 சதவீதம் குறைய வேண்டும்? அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் கூடவே குறைகிறது. இரண்டின் பெருக்கல்தான் திறன். அதனால் ஹீட்டரின் வாட், வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 200 வோல்ட்டில் 756 வாட்தான் தரும். 180 வோல்ட்டில் 612 வாட்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற 15 × 17 × 4.186 = 1067 கிலோஜூல் வேண்டும். 1500 வாட்டில் அதற்கு 12 நிமிடம். 1330 வாட்டில் 13 நிமிடம் 20 நொடி. வாளியின் பக்கங்களில் கசியும் வெப்பத்துக்கு இன்னும் ஓரிரு நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் காலை நேரத்தில் வோல்ட் இன்னும் கீழே போகிறது என்று பொருள். எந்த நேரத்தில் தொல்லை வருகிறதோ அந்த நேரத்தில் அளக்க வேண்டும்.

தட்டில் உள்ள எண்ணோடு அச்சாகப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெப்பச் சாதனங்களுக்கான பாதுகாப்புத் தரநிலையே தட்டில் எழுதிய வாட்டைவிட 5 சதவீதம் கூடவும் 10 சதவீதம் குறையவும் அனுமதிக்கிறது. உங்கள் மீட்டரின் பிழையும் இதில் சேரும். வோல்ட்டில் 1 சதவீதம், கிளாம்பில் 2.5 சதவீதம் என்றால், தடையிலும் வாட்டிலும் மோசமான நிலையில் 3.5 சதவீதம் தப்பலாம். அதனால் 35.7377 ஓம் என்று கால்குலேட்டர் காட்டுவதையெல்லாம் எழுதுவதில் பயனில்லை. 36 ஓம் என்று எழுதினாலே நேர்மையான விடை.

அந்த 10 வோல்ட் எங்கே போனது?

மேலே உள்ள அளவுகளில் பலரும் கவனிக்காமல் விடும் பொக்கிஷம் 228-க்கும் 218-க்கும் இடையிலான 10 வோல்ட். 6.1 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 10 வோல்ட் விழுகிறது. அப்படியென்றால் மின்கம்பத்திலிருந்து சாக்கெட் வரையிலான பாதையின் தடை 10 ÷ 6.1 = 1.64 ஓம். அங்கே வீணாகும் திறன் 10 × 6.1 = 61 வாட். இந்த 61 வாட் எங்கோ சுவருக்குள், அல்லது ஏதோ ஒரு ஜாயின்டில், வெப்பமாகிக்கொண்டிருக்கிறது.

இது இயல்பா என்று பார்க்க வயரின் தடையைப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரியில் நெகிழும் செப்பு வயரின் தடை, ஒரு கிலோமீட்டருக்கு அதிகபட்சம் இவ்வளவு இருக்கலாம் என்று தரநிலை சொல்கிறது: 1 ஸ்கொயர் எம்எம் 19.5 ஓம், 1.5-க்கு 13.3 ஓம், 2.5-க்கு 7.98 ஓம், 4-க்கு 4.95 ஓம். விநியோகப் பெட்டியிலிருந்து சாக்கெட் 20 மீட்டர் தள்ளி, 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் இருந்தால், போக வர 40 மீட்டர். 40 × 13.3 ÷ 1000 = 0.53 ஓம். போக வர என்பதை மறந்து 20 மீட்டருக்கு மட்டும் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை, விடை பாதியாகிவிடும்.

1.64-இல் 0.53 போக மீதி 1.1 ஓம். அது பெட்டிக்கு முன்னால் உள்ள சர்வீஸ் வயரிலோ, மீட்டர் முனையிலோ, மெயின் சுவிட்சிலோ, இல்லையென்றால் சுவருக்குள் முறுக்கிவிட்ட ஒரு ஜாயின்டிலோ இருக்கிறது. பிரிக்கும் வழி எளிது. அதே ஹீட்டரைப் போட்டு அணைத்து, விநியோகப் பெட்டியில் எம்சிபிக்கு (ஓட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) முன்னால் வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். இதை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும். அங்கும் 7 வோல்ட் விழுந்தால் கோளாறு வெளியே, மின்வாரியத்தின் பக்கம். அங்கே 2 வோல்ட்தான் விழுகிறது, சாக்கெட்டில் 10 விழுகிறது என்றால் கோளாறு வீட்டுக்குள்.

லூஸ் கனெக்ஷனைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சாக்கெட்டில் ஸ்க்ரூ தளர்ந்து 0.3 ஓம் தடை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராடின் 35 ஓமோடு ஒப்பிட்டால் இது ஒரு சதவீதம்கூட இல்லை. மொத்தத் தடையை வகுத்துப் பார்த்து இதை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 6.1 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 6.1 × 6.1 × 0.3 = 11 வாட் வெப்பம். அதே சாக்கெட்டில் 3 கிலோவாட் கீசர் மாட்டினால் 13 ஆம்பியர். அப்போது 13 × 13 × 0.3 = 51 வாட். ஒரு சின்ன பித்தளை முனையில் 51 வாட் என்பது சாலிடரிங் இரும்பைச் சாக்கெட்டுக்குள் வைத்ததற்குச் சமம். பிளக் கறுப்பதும், பிளாஸ்டிக் உருகுவதும், கடைசியில் தீப்பிடிப்பதும் இப்படித்தான். எம்சிபி இதைத் தடுக்காது. ஓட்டம் கூடவில்லையே, அது ஏன் விழ வேண்டும்? கீசர் ஓடி பத்து நிமிடம் கழித்து, அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் மேல் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்தச் சாக்கெட்டை அன்றே மாற்றுங்கள்.

கீசருக்கு வயர் தேர்ந்தெடுக்கவும் இதே கணக்குதான். 30 மீட்டர் தூரம், 13 ஆம்பியர். 1.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் வயரில் 10.4 வோல்ட் விழும், 135 வாட் வீண். 2.5 போட்டால் 6.2 வோல்ட், 81 வாட். 4 போட்டால் 3.9 வோல்ட், 50 வாட். கீசர் லைனுக்கு 1.5 போடச் சொல்கிறவரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

மல்டிமீட்டரின் ஓம் அளவு எப்போது பொய் சொல்லும்?

நேரடியாக ஓமில் வைத்து அளந்துவிடலாமே என்று தோன்றும். அளக்கலாம், ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகு மட்டும். ஓடும் லைனில் ஓம் வைத்தால் மீட்டர் போய்விடும். முதலில் இரண்டு ப்ரோப்களையும் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள், 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். அது ப்ரோப் வயரின் சொந்தத் தடை. கிடைக்கும் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். 35 ஓமில் இது பெரிதல்ல. 2 ஓமில் கால் பங்கு பிழை.

ஹீட்டர் ராடு, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றில் இருக்கும் நிக்ரோம் கம்பி சூட்டில் சில சதவீதம்தான் தடை கூடும். அதனால் குளிர்ந்த நிலையில் அளந்த ஓமும், ஓடும்போது வகுத்து வந்த ஓமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பழைய குண்டு பல்பு அப்படியல்ல. 60 வாட் பல்பு எரியும்போது அதன் தடை 230 × 230 ÷ 60 = 882 ஓம். அணைத்து ஆறவைத்து அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டங்ஸ்டன் இழை 2500 டிகிரிக்கு மேல் சுடும்போது தடை பல மடங்கு ஏறுகிறது. சுவிட்ச் போட்ட நொடியில் பல்பு ஃப்யூஸ் ஆவதற்கும் இதுதான் காரணம்: குளிர்ந்த இழையில் ஓட்டம் பத்து மடங்குக்கு மேல் பாய்கிறது. குளிர்ந்த தடையை வைத்துப் பல்பின் வாட்டைக் கணக்கிட்டவர் 700, 800 வாட் என்று விடை சொல்வார்.

ராடில் ஓம் அளக்கும்போது மீட்டர் எல்லையற்றது என்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பிளக்கின் இரு பின்களுக்கு இடையே 35 ஓம் சரியாக இருந்தாலும், ஒரு பின்னுக்கும் ராடின் உலோக உடலுக்கும் இடையே ஏதாவது தடை காட்டினால் அந்த ராடைத் தூக்கி எறிந்துவிடுங்கள். எதுவும் காட்டாவிட்டாலும் அது பாதுகாப்பு என்று உறுதியாகாது. மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. கசிவு பெரும்பாலும் உயர் அழுத்தத்தில்தான் வெளிப்படும். அதற்கு 500 வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் என்ற கருவி வேண்டும்.

மோட்டாரில் இந்தக் கணக்கு எங்கே உடைகிறது?

ஒரு குதிரைத்திறன் பம்பு மோட்டார், 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கிறது என்போம். வகுத்தால் 35.4. ஹீட்டர் ராடுக்கு வந்த அதே எண். ஆனால் மோட்டாரை அணைத்து ரன்னிங் வைண்டிங்கை அளந்தால் 4 ஓம்தான் இருக்கும். 230-ஐ 4-ஆல் வகுத்தால் 57 ஆம்பியர் ஓட வேண்டும். ஏன் ஓடவில்லை? வைண்டிங்கின் தூண்டலும், சுழலும் ரோட்டாரால் எழும் எதிர் அழுத்தமும் சேர்ந்து ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. அந்த 35.4 என்பது மின்தடை அல்ல, இம்பீடன்ஸ், அதாவது ஏசி ஓட்டத்துக்கு எழும் மொத்த எதிர்ப்பு. இரண்டும் ஓமில் சொல்லப்படுவதால் குழப்பம் வருகிறது. கெபாசிட்டர் போய் ரோட்டார் சுற்றாமல் நின்றுவிட்டால் எதிர் அழுத்தம் இல்லாமல் போகும். ஓட்டம் பல மடங்கு ஏறி வைண்டிங் கருகும்.

வாட்டிலும் அதே சிக்கல். 230 × 6.5 = 1495. இது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். அழுத்தமும் ஓட்டமும் ஒரே நொடியில் உச்சம் தொடாததால் உண்மையான வாட் குறைவாக இருக்கும். எவ்வளவு குறைவு என்பதைச் சொல்வது பவர் ஃபேக்டர், அதாவது திறன் காரணி.

அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். உங்கள் வீட்டு மின்மீட்டரே உண்மையான வாட்டை அளக்கிறது. அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு கண்சிமிட்டும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, 100 சிமிட்டலுக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள்.

வாட் = சிமிட்டல் எண்ணிக்கை × 36,00,000 ÷ துடிப்பெண் ÷ நொடி.

100 சிமிட்டலுக்கு 94 நொடி ஆனால், 100 × 36,00,000 ÷ 3200 ÷ 94 = 1197 வாட். இதை 1495-ஆல் வகுத்தால் 0.80, அதுவே பவர் ஃபேக்டர். ஹீட்டர் ராடை இதே முறையில் சோதித்தால் 100 சிமிட்டலுக்கு 85 நொடி வந்து, நாம் கிளாம்ப் வைத்துப் பெற்ற 1330 வாட்டோடு ஒத்துப்போகும். முதலில் ராடில் செய்து பாருங்கள். அதில் பவர் ஃபேக்டர் ஒன்று என்பதால் உங்கள் கிளாம்ப் மீட்டர் எவ்வளவு தப்புகிறது என்பதும் தெரிந்துவிடும். வெறும் விரல்விட்டு எண்ணி மீட்டரைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், கணினி ஆகியவற்றுக்கும் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வராது. அவை ஓட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக இழுப்பவை. ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளப்பது) என்று போடாத மீட்டர் அந்த ஓட்டத்தையே தவறாகக் காட்டும். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டருக்குப் பின்னால் அளந்தாலும் இதே கதைதான். சிறிய ஓட்டத்துக்கு இன்னொரு சிக்கல்: கிளாம்பின் துல்லியம் அங்கே குறைவு. ஃபேஸ் வயரை வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றி, வரும் அளவைப் பத்தால் வகுத்தால் தேறும்.

வைண்டிங்கின் உண்மையான மின்தடை இன்னொரு வேலைக்கு உதவும்: மோட்டார் உள்ளே எவ்வளவு சுடுகிறது என்று சொல்லும். செப்பின் தடை சூட்டோடு ஒழுங்காக ஏறும் என்பதால் இந்தக் கணக்கு சாத்தியம்.

சூடான வெப்பநிலை = சூடான தடை ÷ குளிர்ந்த தடை × (234.5 + குளிர்ந்த வெப்பநிலை) − 234.5.

காலையில் 30 டிகிரியில் 4.0 ஓம், ஒரு மணி நேரம் ஓடி அணைத்ததும் 5.0 ஓம். 1.25 × 264.5 − 234.5 = 96 டிகிரி. வைண்டிங் முழுவதன் சராசரி இது. நடுப்பகுதி இன்னும் சுட்டிருக்கும். பி வகுப்பு இன்சுலேஷனின் எல்லை 130 டிகிரி, எஃப் வகுப்புக்கு 155. அணைத்ததும் மெயினைத் துண்டித்து, கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, அரை நிமிடத்துக்குள் அளந்துவிட வேண்டும். தாமதித்தால் ஆறிவிடும். ப்ரோப் வயரின் 0.3 ஓமை இரண்டு அளவிலும் கழிக்க மறக்காதீர்கள்.

லோ வோல்டேஜ் வந்தால் ஹீட்டரில் ஓட்டம் குறையும், லோடில் ஓடும் மோட்டாரிலோ கூடும். 4 ஓம் வைண்டிங்கில் 6.5 ஆம்பியருக்கு 169 வாட் வெப்பம், 8.5 ஆம்பியருக்கு 289 வாட். ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு வெப்பம் 70 சதவீதம் கூடுகிறது. கோடையில் வைண்டிங் கடைகளில் மோட்டார் வரிசை கட்டுவதன் பின்னால் இந்த வர்க்கக் கணக்கு இருக்கிறது.

வண்டியில் எல்இடிக்கு ரெசிஸ்டர்

பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரமான டிசியில் கணக்கு நேரானது, ஆனால் யூனிட்டில் தவறு நடக்கும். 20 மில்லி ஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர். வகுக்கும் முன் ஆம்பியருக்கு மாற்ற வேண்டும்.

12 வோல்ட்டில் மூன்று வெள்ளை எல்இடிகளை வரிசையாகப் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் 3.1 வோல்ட், மொத்தம் 9.3. மீதி 2.7 வோல்ட்டை ரெசிஸ்டர் ஏற்க வேண்டும். 2.7 ÷ 0.02 = 135 ஓம்; கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 150 ஓம். மேசைமேல் இது அழகாக எரியும். வண்டியில் போட்டால் சில மாதத்தில் எல்இடி மங்கிப்போகும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் இருப்பது 14.4 வோல்ட். அப்போது 5.1 ÷ 150 = 34 மில்லி ஆம்பியர், 70 சதவீதம் அதிகம். 14.4-ஐ வைத்தே கணக்கிட்டால் 255 ஓம், கிடைக்கும் மதிப்பு 270 ஓம், ஓட்டம் 19 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் எழும் வெப்பம் 5.1 × 0.019 = 0.097 வாட், இரண்டு மடங்கு தாங்கும் கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

ஒரு ஓமுக்குக் கீழே அளப்பது

ஜாயின்ட், ஷன்ட் (ஓட்டம் அளக்கப் பயன்படும் மிகச் சிறிய தடை), பேட்டரி கேபிள் போன்றவற்றின் மில்லி ஓம் அளவுகளை மல்டிமீட்டரின் ஓம் நிலையால் அளக்கவே முடியாது. ப்ரோப் வயரே அதைவிடப் பெரிய தடை. இங்குதான் வோல்ட்-ஆம்பியர் முறை தன் முழு பலத்தைக் காட்டும். சரிசெய்யக்கூடிய டிசி சப்ளையை 2 ஆம்பியரில் கட்டுப்படுத்தி, அந்த ஓட்டத்தைக் கேபிளின் இரு முனைகள் வழியே செலுத்துங்கள். ஓட்டம் செலுத்தும் கிளிப்புகளுக்கு உட்புறமாக, கேபிளின் மேலேயே தனியாக மில்லி வோல்ட் ப்ரோப்களை வையுங்கள். கிளிப்பின் மேல் வைத்தால் கிளிப்பின் தொடுதடையும் அளவில் ஏறிவிடும். 34 மில்லி வோல்ட் காட்டினால் 0.034 ÷ 2 = 0.017 ஓம், அதாவது 17 மில்லி ஓம். வோல்ட் அளக்கும் ப்ரோப்களில் ஓட்டம் அநேகமாக இல்லாததால் அவற்றின் தடை கணக்கில் வராது.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே வழிதான். லோடு இல்லாமல் 12.6 வோல்ட், 50 ஆம்பியர் எடுக்கும்போது 11.8 வோல்ட் என்றால், 0.8 ÷ 50 = 16 மில்லி ஓம். புது பேட்டரி வாங்கிய அன்றே முழு சார்ஜில் இதை அளந்து, தேதியோடு பேட்டரியின் மேலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே லோடில் அளந்தால், பேக்கப் நேரம் குறையத் தொடங்கும் முன்பே எண் ஏறுவது தெரியும். வோல்ட்டை இன்வெர்ட்டரின் முனையில் அளக்காமல் பேட்டரியின் ஈயமுனையின் மேலேயே ப்ரோப் வைத்து அளக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது பேட்டரியோடு சேர்த்து கேபிளையும், பச்சை பூத்த கிளாம்பையும்தான்.